கல் சுமந்த தளபதி

1860ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள். பொழுது புலரும் வேளை. நேபிள்ஸ் துறைமுகத்திலே வாஷிங்டன் என்ற கப்பல் புறப்படத் தயாராக நிற்கிறது. அதிலே ஒருவன் ஏறுகிறான். வழியனுப்ப மன்னனின் ஆள் வரவில்லை, விருந்தில்லை, விழாவில்லை. அவனுடைய மூட்டைகளைப் பார்த்தால், ஒரு குடியானவன் சந்தைக்குப் போய்த் திரும்புவது போலத்தான் இருக்கிறது. சாக்கிலே விதைத் தானியம், கொஞ்சம் காப்பிக்கொட்டை, கொஞ்சம் சர்க்கரை, ஒரு கட்டுக் கருவாடு. அவ்வளவுதான் அவன் கொண்டு போனது.

அவன் விட்டுப் போனது என்ன தெரியுமா? ஒரு ராஜ்யம்! ஏறத்தாழ 90 லட்சம் மக்கள் வாழ்ந்த சிசிலி - நேபிள்ஸ் ராஜ்யத்தை ஆறே மாதத்தில் வென்று, சர்வாதிகாரி என்ற பெயரோடு ஆண்டு, அதை அப்படியே மன்னன் விக்டர் இம்மானுவேலிடம் ஒப்படைத்துவிட்டு, விதை மூட்டையோடு வீடு திரும்பினான் அந்த மனிதன். அவன்தான் கரிபால்டி.

நம் நாட்டில் அவன் பெயரை அறியாதார் குறைவு. மாஜினியின் சபதத்தைப் பாரதியார் பாடினார். மாஜினியின் பெயரோடு சேர்த்தே கரிபால்டியின் பெயரும் நம் மேடைகளிலே முழங்கிற்று. சிவப்புச் சட்டைப் படையைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். ஆயிரம் வீரரைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். ஆனால், அந்த விதை மூட்டை எந்த நிலத்திலே விதைக்கப்பட்டது? அந்தக் குடியானவன் எந்த வீட்டுக்குத் திரும்பினான்? இதைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை. தோழர்களே, அந்த வீட்டின் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். போர்க்களத்தின் கதையைக் காட்டிலும் நமக்கு உதவக்கூடிய கதை அது.

கரிபால்டி 1807ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் நீஸ் நகரத்திலே பிறந்தான். தந்தை கடலோரமாகச் சரக்கேற்றிப் போகும் சிறு கப்பல்காரர். மகனைப் படிக்க வைத்து நல்ல உத்தியோகத்தில் அமர்த்தப் பெற்றோர் விரும்பினர். மகனோ கடலை விரும்பினான். மாலுமியானான். அந்த நாளிலே இத்தாலி என்பது ஒரு நாடல்ல. துண்டு துண்டாகக் கிடந்தது. வடக்கே ஆஸ்திரியன், நடுவே போப்பாண்டவர், தெற்கே பூர்போன் வம்சத்து அரசன். இந்தத் துண்டுகளை ஒட்டிக் குடியரசாக்க வேண்டும் என்று மாஜினி துவக்கிய இளைய இத்தாலி இயக்கத்திலே கரிபால்டியும் சேர்ந்தான். 1834இல் ஜெனோவாவில் நடந்த கலக முயற்சி தோற்றது. பிடிபடாமல் தப்பி ஓடினான். ஆள் இல்லாமலேயே அவனுக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. தன் பெயருக்கு நேரே மரணதண்டனை என்று அச்சிட்டிருந்ததைப் பத்திரிகையிலே அவனே படித்தான்!

தென் அமெரிக்காவுக்குப் போனான். அங்கே பிரேசிலின் தென்கோடியில் குடியரசு கேட்டுப் போராடியவர்களோடு சேர்ந்தான். 1839இல் அனிதா என்ற வீரப்பெண்ணைக் கண்டான். அவளும் குதிரையேறி அவனோடு களம் புகுந்தாள். பிறகு உருகுவே நாட்டின் தலைநகரான மாண்டிவிடியோ. அங்கே வயிற்றுப்பாட்டுக்காகப் பள்ளிக்கூடத்திலே கணக்குச் சொல்லிக் கொடுத்தான். சரக்கு விற்கும் தரகனாக அலைந்தான். அந்த நகரம் முற்றுகையிடப்பட்டபோது, இத்தாலியத் தொழிலாளிகளைத் திரட்டிப் படை அமைத்தான். அந்தப் படையின் சிவப்புச் சட்டை எங்கிருந்து வந்தது? இறைச்சிக் கூடத்துத் தொழிலாளிகளுக்கென்று தைத்து வைத்திருந்த துணி அது. மலிவாகக் கிடைத்ததால் வாங்கினார்கள் என்று கூறுவர். பிற்காலத்தில் மன்னர்களை நடுங்க வைத்த அந்தச் சிவப்பு, உழைப்பாளியின் உடுப்பிலிருந்து வந்த சிவப்பு!

தளபதியாக இருந்தும் கரிபால்டி சம்பளம் பெறவில்லை. சிப்பாய்க்குரிய படியரிசி போன்ற பங்கு மட்டுமே பெற்றான். அந்தப் பங்கிலே மெழுகுவர்த்தி சேராது. ஆகையால் இரவிலே தளபதியின் வீடு இருண்டு கிடந்தது. பார்க்க வந்த பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் இருட்டிலே தட்டுத் தடுமாறிப் பேசிவிட்டுப் போனார் என்ற செய்தி அவன் வரலாற்றிலே இடம்பெற்றிருக்கிறது.

1848இல் தாய்நாடு திரும்பினான். 1849இல் ரோமாபுரியில் குடியரசு மலர்ந்தது. அதைக் காக்க நின்றான். பிரெஞ்சுப் பட்டாளம் வந்து அந்தக் குடியரசை நசுக்கியது. பகைவர் நாற்புறமும் துரத்த, மலையும் சதுப்பும் கடந்து ஓடினான். கருவுற்றிருந்த அனிதா, காய்ச்சலோடு அவனைப் பின்தொடர்ந்தாள். ஆகஸ்டு 4ஆம் நாள், ராவென்னா நகருக்கு அருகே ஒரு பண்ணை வீட்டிலே உயிர் துறந்தாள். அடக்கம் செய்யக்கூட அவனுக்கு நேரமில்லை. பிணத்தை அயலாரிடம் விட்டுவிட்டு ஓடினான். நாடில்லை, மனைவியில்லை, தலை சாய்க்க ஒரு கூரையில்லை.

மறுபடியும் நாடு கடத்தல். முதலில் சார்டீனியாவுக்கு வடக்கே உள்ள மத்தலேனா என்ற சிறு தீவிலே சில வாரங்கள். பிறகு ஆப்பிரிக்கக் கரையிலே டாஞ்சியர். பிறகு நியூயார்க். அங்கே மியூச்சி என்ற இத்தாலியரின் மெழுகுவர்த்தித் தொழிற்சாலையிலே கூலிக்கு உழைத்தான். தொலைபேசிக் கருவியை ஆராய்ந்தவர்களின் வரிசையிலே பின்னாளில் பேசப்பட்டவர்தான் அந்த மியூச்சி. மாண்டிவிடியோவில் மெழுகுவர்த்தி வாங்க வழியற்று இருட்டில் இருந்தவன், நியூயார்க்கில் ஊரார் வீட்டுக்கு வெளிச்சம் காய்ச்சினான்! பிறகு பெரு நாட்டுக்குப் போய், கார்மென் என்ற கப்பலுக்குத் தலைவனாகி, பறவை எருவை ஏற்றிக்கொண்டு சீனத்துக்குப் போனான்.

அந்தப் பயணத்தின் திரும்பு காலிலேதான், 1852இல், ஒரு சின்னச் சம்பவம். ஆஸ்திரேலியாவுக்கும் டாஸ்மேனியாவுக்கும் இடையே உள்ள ஜலசந்தியில் ஒரு சிறு தீவு; மூன்று மேட்டுத் தீவு என்று பொருள்படும் பெயர். தண்ணீர் எடுக்கக் கப்பல் நின்றது. கரிபால்டி இறங்கிப் பார்த்தான். அங்கே ஒரு வீடு. யாரோ குடியேறி வாழ்ந்து, பிறகு கைவிட்டுப் போன வீடு. ஆளில்லை, ஆனால் தோட்டம் இருக்கிறது, கிழங்கும் காய்கறியும் இருக்கின்றன, தெளிந்த நீரூற்று ஓடுகிறது. போலீஸ் இல்லை, பாதிரி இல்லை, வரி கேட்பாரில்லை. அந்தக் காட்சியை அவன் மறக்கவே இல்லை. மனிதர்களின் வஞ்சகத்தால் மனம் சலித்த வேளைகளிலெல்லாம் அந்தத் தீவும் அந்த வீடும் தன் கண்ணுக்குள்ளே வந்து நின்றதாகத் தன் வாழ்க்கைக் குறிப்பிலே எழுதியிருக்கிறான்.

1854இல் ஒரு சரக்குக் கப்பலை ஓட்டிக்கொண்டு இங்கிலாந்தின் டைன் ஆற்றுத் துறைமுகத்துக்கு வந்தான். அங்கே தொழிலாளர்கள் தலைக்கு ஒரு பென்னி வீதம் திரட்டி, அவனுக்கு ஒரு வீரவாள் பரிசளித்தார்கள். வேலையற்ற தளபதி, தோற்றுப்போன குடியரசின் வீரன், கூலிக்குக் கப்பல் ஓட்டும் மாலுமி! அவனுக்கு வாள் கொடுக்க வேண்டுமென்று எந்த அரசனுக்கும் தோன்றவில்லை. கரி தோண்டிய கைகளுக்கும் கப்பல் கட்டிய கைகளுக்கும்தான் தோன்றிற்று.

அதே ஆண்டு நீஸ் நகரம் திரும்பினான். 1855இல் அவன் சகோதரன் பெலிச்சே இறந்தான். அதனால் கரிபால்டி கைக்கு ஒரு தொகை வந்தது. வாழ்நாளிலே அவன் கையிலே சேர்ந்த முதல் பெரிய பணம் அதுதான். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? பட்டணத்திலே ஒரு வீடு வாங்கலாம், வட்டிக்கு விடலாம். அவன் என்ன செய்தான்? அந்த ஆண்டின் முடிவிலே, மத்தலேனாத் தீவுக்குப் பக்கத்திலே உள்ள கப்ரேரா என்ற பாறைத் தீவிலே பாதியை விலைக்கு வாங்கினான். மறுபாதி ஓர் ஆங்கிலக் குடும்பத்துக்குச் சொந்தம்.

கப்ரேரா என்றால் ஆட்டுத் தீவு என்று பொருள் கொள்ளலாம். ஏறத்தாழ 16 சதுர கிலோமீட்டர் பரப்பு. பெரும்பகுதி கருங்கல். கல்லுக்கு இடையே ஓரங்குலம் மண்; மண்ணுக்கு மேலே முள்ளும் புதரும். வடமேற்கிலிருந்து அடிக்கிற காற்று மரங்களை நிமிர விடாது. வளர்கிற மரமும் முதுகு வளைந்தே வளரும். மழை பெய்தால் நீர், இல்லையேல் இல்லை. கண்டவர்கள் சிரித்தார்கள். வாங்கினதுதான் வாங்கினான், கல்லையா வாங்குவது என்று ஏளனம் செய்தார்கள்.

அந்தத் தீவிலே ஆடு மேய்ப்பவன் ஒருவன் விட்டுப் போன பழைய குடிசை ஒன்று, பாழடைந்து கிடந்தது. கரிபால்டி, மூத்த மகன் மெனோத்தியையும் நண்பர்கள் சிலரையும் அழைத்துக்கொண்டு அங்கே போனான். முதலில் கூடாரம் அடித்துத் தங்கினார்கள். பாழ்ச்சுவரைச் செப்பனிட்டார்கள். பிறகு புதிதாக ஒரு வீட்டை எழுப்பத் தொடங்கினார்கள். கல்லுக்குப் பஞ்சமில்லை; அந்தத் தீவே கல்! உடைத்துச் சுமந்து வந்து அடுக்க வேண்டியதுதான். கரிபால்டியும் கரணை பிடித்துப் பார்த்தான். கத்தி பிடித்த கைக்குக் கரணை பணியவில்லை, சுவர் கோணிற்று. ஆகவே அவனைக் கொத்து வேலையிலிருந்து நீக்கிக் கல் சுமக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள் என்று அவன் வரலாற்றை எழுதியோர் சொல்வதுண்டு. தளபதி முகம் சுளிக்கவில்லை. தெரிந்தவன் மேஸ்திரி, தெரியாதவன் சித்தாள், அவ்வளவுதானே நியாயம்? கட்டட வேலை செய்யும் நம் தோழர்கள் இதைக் கேட்டால் புன்னகை புரிவார்கள். ரோமாபுரியைக் காத்தவன், மேஸ்திரி சொல் கேட்டுக் கல் தூக்கினான்!

இடையிலே ஒரு பேரிடி. எம்மா என்ற சிறு கப்பலொன்றை வைத்துச் சரக்கு ஏற்றி, அதில் வரும் வரும்படியைக் கொண்டு பண்ணையை வளர்க்கலாம் என்று திட்டமிட்டிருந்தான். 1857இன் தொடக்கத்தில், வீட்டு வேலைக்குச் சுண்ணாம்பு ஏற்றி வந்த அந்தக் கப்பல் அழிந்தது. அதோடு கடல் வியாபாரத்துக்கு முழுக்குப் போட்டான். இனி நிலம்தான், மண்வெட்டிதான் என்று முடிவு செய்தான்.

வீடு எழுந்தது. தென் அமெரிக்காவிலே அவன் பார்த்துப் பழகிய பண்ணை வீடுகளைப் போல, தரையோடு தாழ்ந்த சுவர், மேலே தட்டையான மொட்டை மாடி. சுற்றிலும் வெள்ளையடித்தார்கள். வெள்ளை வீடு என்றே அதற்குப் பெயர் வந்தது. அதே பெயரிலே வாஷிங்டனில் ஒரு மாளிகை உண்டு. அதைக் கட்டியவர்கள் வேறு, குடியிருந்தவர்கள் வேறு. இந்த வெள்ளை வீட்டிலே கட்டியவனே குடியிருந்தான்!

பிறகு விவசாயம். பாறை இடுக்கிலே மண்ணைச் சேர்த்து, கல்லாலே வரப்புக் கட்டி, காற்றுக்கு மறைப்பாகச் சுவர் எழுப்பி, திராட்சைக் கொடி நட்டான், அத்தியும் ஒலிவமும் நட்டான், அவரை விதைத்தான். மாடு, ஆடு, கோழி, தேனீப் பெட்டி. மழை நீரைத் தேக்கத் தொட்டி. தானியம் அரைக்கக் காற்றாலை. பின்னாளில் தண்ணீர் இறைக்க ஒரு நீராவி இயந்திரமும் வந்து சேர்ந்தது. வேளாண்மை நூல்களை வரவழைத்துப் படித்தான். எதை எப்போது விதைத்தோம் என்று குறிப்பு எழுதினான். விடியுமுன்னே எழுந்து மண்வெட்டியோடு போய்விடுவான். குடிக்கணக்கு எடுக்க வந்தபோது, தொழில் என்ற இடத்திலே அவன் எழுதிய சொல், விவசாயி.

கழுதைகளும் இருந்தன. அவற்றுக்கு அவன் வைத்த பெயர்கள் கேட்டீர்களானால் வயிறு குலுங்கச் சிரிப்பீர்கள். ஒன்று போப்பாண்டவர் ஒன்பதாம் பயஸ். மற்றொன்று பிரெஞ்சுச் சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியன்! குடியரசை நசுக்கிய கூட்டம் அவனுடைய பண்ணையிலே பொதி சுமந்தது. ஆனால், கழுதைகளை அவன் துன்புறுத்தவில்லை. வாயில்லா உயிர்களிடம் அவனுக்கு அளவற்ற பரிவு. 1871இல் டூரின் நகரத்திலே விலங்குகள் பாதுகாப்புச் சங்கம் தோன்ற அவனே காரணமாக இருந்தான்.

ஏன் இந்தக் கல்லோடு மல்லாடினான்? களைத்துப்போய் உலகை வெறுத்துத் துறவு பூண்டானா? இல்லை. அங்கேதான், தோழர்களே, நாம் கவனிக்க வேண்டிய சூட்சுமம் இருக்கிறது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் ஊர்ப் பழமொழி. நல்ல மொழிதான். ஆனால், உப்பிட்டவன் அரசனாக இருந்தால்? பாதிரியாக இருந்தால்? முதலாளியாக இருந்தால்? நினைக்க மட்டுமா செய்ய வேண்டியிருக்கிறது, நெளியவும் வேண்டியிருக்கிறதே! கரிபால்டி இதை உணர்ந்தவன். தன் உப்பைத் தானே தேடிக்கொண்டவன், யாருக்கு எதிரேயும் நிமிர்ந்து நிற்கலாம். அந்த நிமிர்வுக்காகத்தான் அவன் கல் சுமந்தான்.

1859இல் ஆஸ்திரியாவை எதிர்த்துப் போர் மூண்டது. மண்வெட்டியை வைத்துவிட்டுப் புறப்பட்டான். 1860இல் பேரதிர்ச்சி: செய்த உதவிக்குக் கூலியாக, நீஸ் நகரம் பிரெஞ்சுக்காரனுக்குத் தாரை வார்க்கப்பட்டது. அவன் பிறந்த ஊர் ஒரே கையெழுத்தில் அந்நிய நாடாயிற்று! பாராளுமன்றத்திலே எதிர்த்துப் பேசினான், பயனில்லை. அந்த மனப்புண்ணோடுதான், மே மாதம் 5ஆம் நாள் இரவு, ஜெனோவாவுக்கு அருகே இரண்டு கப்பல்களில் ஆயிரத்துச் சொச்சம் தொண்டர்களை ஏற்றிக்கொண்டு சிசிலிக்குப் புறப்பட்டான். வக்கீல், மருத்துவன், மாணவன், கைத்தொழிலாளி எல்லோரும் இருந்தார்கள். துப்பாக்கியோ துருப்பிடித்தது. மே 11இல் மர்சாலாவில் இறங்கினர். கலடாபிமியில் வென்றனர். பலெர்மோ விழுந்தது. செப்டம்பர் 7ஆம் நாள், பகைவனின் பட்டாளம் கோட்டையிலே இருக்கும்போதே, சில தோழர்களோடு ரயிலேறி நேபிள்ஸ் நகரத்துக்குள் வந்து இறங்கினான்.

குறையே இல்லாத வெற்றி என்று கூறமாட்டேன். சிசிலியிலே பிராண்டி என்ற ஊரில் நிலம் கேட்டுக் கொதித்தெழுந்த உழவர்கள் கொலையிலே இறங்கினார்கள். அடக்கச் சென்ற அவனுடைய துணைத்தளபதி பிக்சியோ, அவசர விசாரணை நடத்திச் சிலரைச் சுட்டுக் கொன்றான். உழவனாக வாழ விரும்பியவனின் படை, உழவனின் நிலப்பசியைத் தீர்க்காமல் துப்பாக்கியால் பதில் சொன்னது. அந்தக் கறையை மறைத்துவிட்டு வரலாறு பேசுவது நமக்கு அழகல்ல.

வென்ற நாட்டை மன்னனிடம் ஒப்படைத்தபோது அவன் கேட்டது ஒன்று: தன் தொண்டர்களை மதிக்க வேண்டும், தெற்கை ஓராண்டு தன் பொறுப்பில் விட வேண்டும். மன்னன் மறுத்தான். அதற்குப் பதிலாக வேறு பலவற்றை நீட்டினான். உயர்ந்த இராணுவப் பட்டம், ஒரு மாளிகை, ஒரு நீராவிக் கப்பல், மகனுக்குப் பதவி, மகளுக்குச் சீர். நாட்டுக்காகக் கேட்டதைக் கொடுக்க மாட்டார்களாம். வீட்டுக்காகக் கேட்காததைக் கொடுப்பார்களாம்! எக்காலத்திலும் ஆளுவோர் கையாளும் தந்திரம் அல்லவா இது? எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, விதை மூட்டையைத் தூக்கினான். எப்படி முடிந்தது? திரும்பிப் போக ஒரு வீடு இருந்தது. அது அவன் கட்டியது. விதைக்க ஒரு நிலம் இருந்தது. அது அவன் திருத்தியது. கப்ரேராவிலே அந்தக் கல்வீடு இல்லாதிருந்தால், நேபிள்ஸிலே அந்த மறுப்பும் எளிதாக இருந்திராது.

அந்தத் தீவைத் தேடி உலகமே வந்தது. 1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர். லிங்கன் அரசின் தூதர் அந்தப் பாறைத் தீவுக்கே வந்து, தளபதி பொறுப்பு ஏற்க அழைத்தார். கரிபால்டி, முழுப் படைத்தலைமையும் வேண்டுமென்றான்; அடிமைகளை விடுவிக்கத்தானா இந்தப் போர் என்றும் கேட்டான். அன்று அதற்குத் தெளிவான விடை கிடைக்கவில்லை. போகவில்லை. அடிமை விடுதலைப் பிரகடனம் 1863இல்தான் வந்தது.

1862இல், ரோமாபுரியை மீட்கத் தொண்டர்களோடு புறப்பட்டபோது, அஸ்பிரமோந்தே மலையிலே இத்தாலியப் பட்டாளமே அவனைச் சுட்டது. யாருக்கு ராஜ்யத்தைக் கொடுத்தானோ அவனுடைய துப்பாக்கி! காலிலே குண்டு பாய்ந்தது, சிறை, மாதக்கணக்கில் வேதனை. மீண்டும் கப்ரேரா, ஊன்றுகோலோடு.

1864இல் லண்டன் சென்றான். லட்சக்கணக்கான மக்கள், பெரும்பாலோர் தொழிலாளர், தெருவை அடைத்து நின்றனர். பிரபுக்கள் விருந்து வைத்தனர். அவனோ பார்க்லே சாராய ஆலைக்குப் போக விரும்பினான். ஏன்? இத்தாலியிலும் ஹங்கேரியிலும் கொடுமை புரிந்த ஆஸ்திரியத் தளபதி ஹைனாவை, 1850இல் அந்த ஆலையின் தொழிலாளிகள் விரட்டி விரட்டி அடித்திருந்தார்கள். அவர்களைக் கண்டு நன்றி கூறவே போனான். மக்கள் ஆரவாரம் வளர்வதைக் கண்டு ஆளுவோர் அஞ்சினர். பயணம் பாதியிலே முடிக்கப்பட்டது. அந்நாட்டு அன்பர்கள்தாம் பிறகு கப்ரேராவின் மறுபாதியையும் வாங்கி அவனுக்கு அளித்தனர்.

1867இல் மறுபடியும் ரோமாபுரி நோக்கிப் புறப்பட முயன்றான். பிடித்துக் கொண்டுவந்து கப்ரேராவிலே விட்டு, தீவைச் சுற்றிப் போர்க்கப்பல்களை நிறுத்தினார்கள். அவன் கட்டிய வீடே அவனுக்குச் சிறை! வயதோ 60, மூட்டு வலி வேறு. அக்டோபர் 14ஆம் நாள் இரவு, வாத்து வேட்டைக்குப் பயன்படும் ஒரு சின்னஞ்சிறு படகிலே தனியாளாய் இறங்கி, காவற்கப்பல்களின் மூக்குக்குக் கீழே துடுப்புப் போட்டு மத்தலேனா போய்ச் சேர்ந்தான். 12 ஆண்டு அந்தக் கரையிலே கல் பொறுக்கியவனுக்கு, எந்தப் பாறைக்கு எவ்வளவு நிழல் என்று தெரியாதா? மெந்தானாவில் தோற்றான் என்பது உண்மை. ஆனால் அவனைக் காவலிலே வைக்க முடியவில்லை என்பதும் உண்மை.

1870இல் பிரெஞ்சுக் குடியரசு பிறந்து, பிரஷ்யாவின் தாக்குதலில் தவித்தபோது, 63 வயதிலே அதற்காகப் போரிடச் சென்றான். ரோமாபுரியை நசுக்கியதும் நீஸை எடுத்துக்கொண்டதும் பிரான்சு. ஆனால் அதைச் செய்தவர்கள் ஆண்டவர்கள். துன்பப்படுவது மக்கள் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவன் அவன். நன்றிக்குப் பதில் பிரெஞ்சு மன்றத்திலே கூச்சல் கிடைத்தது. அவனுக்கு இழைத்த அநீதியைக் கண்டித்து விக்டர் ஹ்யூகோ தன் இடத்தையே துறந்தார். கரிபால்டி பேசாமல் தீவுக்குத் திரும்பினான்.

இனி ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் முழு உண்மை சொன்னவன் ஆகமாட்டேன். அந்தக் கல்நிலம் அவனை முழுதும் காப்பாற்றவில்லை. காற்று கொடியை முறித்தது. வெயில் விளைச்சலைத் தின்றது. பார்க்க வருவோர் கூட்டத்துக்குச் சோறு போட வேண்டியிருந்தது. கடன் ஏறிற்று. பணத்துக்காகக் கதை எழுதினான். கிளேலியா, காந்தோனி, ஆயிரவர் என்று மூன்று நாவல்கள். வீரத்தைப் போலச் சிறக்கவில்லை எழுத்து. பாராளுமன்றம் ஆண்டுக்கு ஒரு லட்சம் லிரா வழங்க முன்வந்தபோது, ஏழைகள் வரிச்சுமையால் நசுங்கும் நாட்டிலே எனக்கு ஏன் இந்தத் தொகை என்ற கருத்துப்பட மறுத்தான். ஆனால் 1876இல், மகன்களின் கடன் தொல்லையும் முதுமையும் அழுத்த, பெற்றுக்கொண்டான். 15 ஆண்டு தள்ளிய கை, கடைசியில் நீண்டது. இதற்காக அவனைப் பழிப்பவர் பழிக்கட்டும். எனக்கு இதிலே வேறு பாடம் தெரிகிறது. தற்சார்பு என்பது ஒரு தனி மனிதன் பிடிவாதத்தால் மட்டும் காத்து நிற்கக் கூடியதல்ல. பிள்ளைகளின் கடனும் உடலின் நோயும் எந்த வீரனையும் வளைத்துவிடும். ஆகையால்தான் சங்கம் வேண்டும், கூட்டுறவு வேண்டும், தோழனின் முதுமைக்குத் தோள் கொடுக்கும் இயக்கம் வேண்டும் என்கிறோம்.

கடைசிக் காலத்தில் அவனைக் காத்தவள் பிரான்செஸ்கா. வேலைக்கு வந்த ஏழை உழவர் வீட்டுப் பெண். அவளை 1880இல் முறைப்படி மணந்தான். 1867இல் அவர்களுக்கு மகள் கிளேலியா பிறந்தபோது, முற்றத்திலே ஒரு பைன் மரம் நட்டான். கை கால் முடங்கிச் சக்கர நாற்காலியிலே அமர்ந்து, அந்த மரத்தையும் கடலையும் பார்த்துக்கொண்டிருப்பான். 1882 ஜூன் 2ஆம் நாள் மாலை, கோர்சிகாத் தீவு தெரியும் சன்னலோரக் கட்டிலிலே அவன் மூச்சு நின்றது.

உயிலிலே தெளிவாக எழுதி வைத்திருந்தான். பாதிரி வேண்டாம், சடங்கு வேண்டாம். சிவப்புச் சட்டை அணிவித்து, தீவிலே வளர்ந்த விறகை அடுக்கி, திறந்த வெளியிலே எரித்துவிட வேண்டும். எரித்த பிறகே அதிகாரிகளுக்குச் சொல்ல வேண்டும். தான் வெட்டிய புதரும் தான் வளர்த்த மரமுமே தனக்குச் சிதையாக வேண்டுமென்று கேட்டான். அதையாவது நிறைவேற்றினார்களா? இல்லை. பெரிய மனிதர்கள் கப்பலேறி வந்தார்கள். உடலைப் பதப்படுத்தி, ஆரவாரமாக அடக்கம் செய்து, பெருங்கல்லை மேலே தூக்கி வைத்தார்கள். உயிரோடிருந்தபோது அவன் சொல் கேளாதவர்கள், செத்த பிறகா கேட்கப் போகிறார்கள்?

இன்று கப்ரேராவுக்கு மத்தலேனாவிலிருந்து பாலம் போட்ட பாதை இருக்கிறது. அந்த வெள்ளை வீடு அரசாங்கத்துக் காட்சிசாலை. காற்றாலை இருக்கிறது, நீராவி இயந்திரம் இருக்கிறது, கிளேலியாவின் மரம் நிழல் பரப்பி நிற்கிறது. அவன் இறந்த அறையிலே கடிகாரம் அந்த நேரத்திலேயே நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. அவன் வென்ற நேபிள்ஸ் அவனுடையதாகவில்லை. அவன் உழைத்த கல்வீட்டிலே எல்லாம் அவனுடையவை.

தோழர்களே! கட்சி வளரும்போது பதவி வரும். பதவி வரும்போது பரிசு நீட்டுவோரும் வருவார்கள். மாளிகை வேண்டுமா, மகனுக்கு வேலை வேண்டுமா, மகளுக்குச் சீர் வேண்டுமா என்று கேட்பார்கள். அந்த நேரத்திலே வேண்டாம் என்று சொல்லும் வலிமை, மேடைப் பேச்சிலிருந்து வராது. வீட்டிலே சொந்த உழைப்பில் வாங்கிய அரிசி இருக்கிறதா, தறியோ தச்சு உளியோ ஏரோ கை பழகிய ஒரு தொழில் இருக்கிறதா என்பதிலிருந்து வரும். நாம் தீவு வாங்க வேண்டாம். கைத்தொழிலைக் கைவிடாமலிருந்தால் போதும். பதவிக்குப் போகிறவனே, திரும்பி வர ஒரு வீட்டை வைத்துவிட்டுப் போ! அது குடிசையாக இருக்கட்டும். அதன் சுவரிலே ஒரு கல்லாவது நீ சுமந்ததாக இருக்கட்டும்.